கரை உடைந்தால் யார் பொறுப்பு?

(கூடுவாஞ்சேரியில் ஏரிக்கரைப் பாதுகாப்புக் கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இன்றைக்கு நாங்கள் கடன் தள்ளுபடி கேட்டு வரவில்லை. நெல்லுக்கு விலை கேட்டும் வரவில்லை. அதெல்லாம் பாக்கி இருக்கிறது, அதற்குத் தனியாக வருவோம். இன்றைக்கு வந்திருப்பது ஏரிக்கரைக்காக. போன மாதம் பூராவும் சங்கத்துக்காரர்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து இந்தப் பக்கத்து ஏரிக்கரைகள் மேல் நடந்து பார்த்தோம். பார்த்துவிட்டு, உண்மையைச் சொன்னால், பயந்துபோய்த்தான் வந்திருக்கிறோம்.

அணை என்றதும் நமக்கு மேட்டூர்தான் கண்ணில் நிற்கும். கல்லும் சிமெண்டுமாக எழும்பி நின்றால்தான் அணை என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஏரிக்கரையும் அணைதான். மழைத் தண்ணீர் ஓடுகிற சரிவை மறித்து, மண்ணைக் கொட்டி, மிதித்து, இறுக்கி நம் முன்னோர் கட்டிய மண் அணை. மண் என்றால் இளக்காரம் இல்லை. பவானிசாகர் அணையே பெரும்பகுதி மண் அணைதான். 1955-ல் கட்டி முடித்தார்கள், இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கே என்ஜினியர் இருக்கிறார், காவல் இருக்கிறது, தினமும் நீர்மட்டம் எழுதுகிற நோட்டு இருக்கிறது. நம் கரைக்கு என்ன இருக்கிறது? வேலிகாத்தான் இருக்கிறது.

சின்ன ஏரிதானே, உடைந்தால் என்ன ஆகிவிடும் என்று ஒரு அதிகாரி எங்களிடமே கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினோம். உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறோம். நூறு ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரி, சராசரியாக ஆறடி தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கோடியே 61 லட்சம் கன அடி. எடையாகச் சொன்னால் 7 லட்சத்து 40 ஆயிரம் டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 74 ஆயிரம் லாரி. அவ்வளவு எடையை ஒரு மண் வரப்பு ராவும் பகலும் முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த முதுகுக்குக் கீழே இப்போது வயல் இல்லை. வீடு இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறை வசம் மட்டும் 528 ஏரிகள். ஊராட்சி ஒன்றியங்கள் வசம் உள்ள சிற்றேரி, தாங்கல், குளமெல்லாம் அது போக. தமிழ்நாடு முழுவதும் சேர்த்தால் 39 ஆயிரத்துக்கும் மேலே. ஏரி மாவட்டம், ஏரி மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் செங்கல்பட்டு இதுதான். இந்த ஏரிகள் பாசனத்துக்கு மட்டும் வெட்டியவை இல்லை. வடகிழக்குப் பருவத்தில் நாலு நாளில் கொட்டுகிற மழையை ஊர் ஊராக நிறுத்தி, ஒரே நேரத்தில் ஆற்றில் போய் விழாமல் காக்கிற வேலையும் இவற்றினுடையதுதான். ஓர் ஏரி நிறைந்து, கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. நந்திவரம் ஏரி நிறைந்தால் உபரி நீர் ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர்ப் பக்கமாகப் போய் அடையாற்றில் சேர வேண்டும். இது சங்கிலி. மேலே ஒரு கண்ணி அறுந்தால் அந்தப் பாரம் முழுவதும் அடுத்த கண்ணி மேல் ஒரேயடியாக விழும்.

2015-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஓர் ஏக்கர் நிலத்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று அர்த்தம். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் பேசினார்கள். 29,000 கன அடி திறந்தார்கள், ஏன் முன்னாடியே திறக்கவில்லை என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே அதை மனிதரால் வந்த பேரிடர் என்று சொன்னது. ஆனால் நம் பக்கத்து ஜனங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருகிற இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அப்படியானால் அந்த ஊர்களை மூழ்கடித்தது எந்தத் தண்ணீர்? மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் என்று நம் பக்கத்துச் சின்னச் சின்ன ஏரிகளிலிருந்து வழிந்த தண்ணீர். செம்பரம்பாக்கத்துக்கு ஒரு விசாரணை, அறிக்கை, டி.வி. விவாதம். நம் ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்ட ஆள் கிடையாது. 2021-லும் 2023-லும் மறுபடி அதே தெருக்களில் படகு விட்டார்கள்.

கரை எப்படி உடைகிறது? இதை விவசாயி சொன்னால்தான் புரியும், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதல் வழி, தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிவது. கலங்கல் என்று ஒன்றை எதற்குக் கட்டினார்கள்? கரை தாங்குகிற அளவுக்கு மேல் வருகிற தண்ணீர் தானாக வெளியே போகத்தான். அந்தக் கலங்கலை மூடினால், தண்ணீர் வேறு வழி தேடும். கரையில் எங்கே தாழ்வோ அங்கே ஏறும். கரை பத்தடி உயரம் என்று ரிஜிஸ்டரில் இருக்கும். ஆனால் மாடு ஏறி இறங்கிய தடத்தில், மோட்டார் பைக் குறுக்கே போகிற தடத்தில் அது எட்டடிதான். அப்படியென்றால் அந்த ஏரிக்குக் கரை உயரம் எட்டடிதான். வெறும் மண்ணில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் முதலில் விரல் அகலம், அப்புறம் முழம், ஒரு மணி நேரத்தில் லாரி போகிற அகலம்.

இங்கே எங்கள் தப்பையும் ஒப்புக்கொள்கிறோம். கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு சாண் தண்ணீர் அதிகமாக நிறுத்துவது நம் விவசாயிகள் காலங்காலமாகச் செய்கிற வேலை. கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை, இன்னும் ஒரு நனைப்பு வேண்டும் என்று செய்வது. நாங்களும் செய்திருக்கிறோம். மீன் குத்தகை எடுத்தவர்கள் மீன் தப்பிப் போகாமல் கலங்கலில் வலை கட்டுகிறார்கள். முதல் மழையில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் வந்து அந்த வலையில் அடைத்துக்கொண்டால், அப்புறம் அது வலை இல்லை, சுவர்.

இது கற்பனை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அதற்கு மேலே மலையில் ஒரு மண் அணை. பணக்காரர்கள் சேர்ந்து நடத்திய மீன்பிடி மன்றம் ஒன்று அதை வைத்திருந்தது. கோச்சு வண்டி போவதற்காகக் கரையின் தலையைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். அடியில் தண்ணீர் திறந்துவிடுகிற குழாய்களை அவர்களுக்கு முன் வைத்திருந்த ஆள் எப்போதோ கழற்றி விற்றுவிட்டார், யாரும் திரும்ப வைக்கவில்லை. மீன் ஓடிவிடக்கூடாது என்று கலங்கலில் கம்பி வலை அடித்தார்கள். 1889 மே 31-ஆம் தேதி பெருமழை. குப்பையும் கிளையும் வலையில் அடைத்தது, திறந்துவிட மதகு இல்லை, தாழ்த்திய கரை மேல் தண்ணீர் ஏறியது. செத்தவர்கள் 2,209 பேர். அந்த மூன்று தப்பில் ஒன்றாவது இல்லாத ஏரியை இந்த வட்டாரத்தில் காட்டுங்கள் என்று சங்கத்துக்காரர்களைக் கேட்டோம். யோசித்து யோசித்து இரண்டு சொன்னார்கள்.

இரண்டாவது வழி, உள்ளுக்குள்ளேயே அரிப்பது. இதுதான் பொல்லாதது, கண்ணுக்குத் தெரியாது. நண்டு வளை, பெருச்சாளி வளை, கரையான் புற்று, செத்துப்போன மரத்தின் வேர் இருந்த ஓட்டை, இதில் எதிலாவது தண்ணீர் உள்ளே புகுந்து கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்தில் கசியும். எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிந்த தண்ணீராக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கிச் சேற்று நிறத்தில் வந்தால் கரை மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அப்புறம் நேரம் கிடையாது. அந்த இடத்தில் களிமண்ணை வைத்து அப்பி அடைக்கக்கூடாது. அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். கசிவைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, தண்ணீரை உள்ளே முழங்கால் உயரத்துக்கு நிற்க விட்டால் அழுத்தம் குறையும், மண் வெளியேறுவது நிற்கும். இதெல்லாம் ஊர் நீர்க்கட்டிக்குத் தெரியும். ஏரியில் இறங்கி, காலால் துழாவி, உள்பக்கம் சுழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, வைக்கோல் பிரியும் சாக்கும் வைத்து அடைப்பார். அந்த மனிதருக்கு அறுப்புக் களத்தில் நெல் அளந்து கொடுத்தோம். நெல்லும் நின்றது, களமும் நின்றது, அவர் பிள்ளை இன்றைக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் காவலாளி. ஏரியைக் காத்தவர் வீட்டுப் பிள்ளை கம்பெனி கேட்டைக் காக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

கரையும் மதகும் சேருகிற இடம் இன்னொரு நோவு. மண்ணும் கட்டடமும் ஒட்டாது. மதகுச் சுவரில் விரிசல் விட்டால் தண்ணீர் சுவரை ஒட்டியே வழி பண்ணிக்கொள்ளும். நாங்கள் பார்த்த மதகுகளில் பாதிக்கு மேல் ஷட்டர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திருகு கம்பியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். கரையின் வெளிச்சரிவை வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். அடிவாரத்தில் செப்டிக் டேங்குக்குப் பத்தடிக் குழி தோண்டியிருக்கிறார்கள். கேபிள் போட கரைக்குக் குறுக்கே பள்ளம் எடுத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒரு இடி இடித்து இறுக்கவில்லை. சவுடு மண் எடுக்கிறவர்களுக்குக் கரையை விட்டு இத்தனை தூரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று அனுமதிக் காகிதத்தில் நிபந்தனை இருக்கும். பொக்லைன் ஓட்டுகிற பையனிடம் காகிதமா இருக்கு? லாரி எங்கே நிற்க வசதியோ அங்கே வெட்டுகிறான். வேலிகாத்தானைப் பிடுங்குகிறோம் என்று மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜே.சி.பி.யை விட்டுக் கரையைக் கிளறுகிறார்களே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பிடுங்குவதென்றால் கோடையில் பிடுங்கு. குழியை நல்ல மண் போட்டு அடுக்கடுக்காக இடித்து மூடு. புரட்டாசியில் வந்து கரையைக் குதறாதே.

நண்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டம் திவரே என்ற கிராமத்தில் ஒரு சிறு மண் அணை. கரை கசிகிறது என்று ஊரார் முன்கூட்டியே புகார் கொடுத்திருந்தார்கள். 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டோடு போனார்கள், ஏறக்குறைய இருபது பேர் செத்தார்கள். அந்த மாநில அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? நண்டு ஓட்டை போட்டதால்தான் அணை உடைந்தது என்றார். நாடே சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. நண்டு கரையைத் துளைக்கும் என்பது உண்மைதான். நண்டு வளை தோண்டும், அது அதன் பிழைப்பு. அந்த வளையைப் பார்த்து அடைக்கிறதுதானே சம்பளம் வாங்குகிறவர் பிழைப்பு?

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. நம் ஏரி மாதிரியே மண் கரை. 1986 ஏப்ரல் 20-ஆம் தேதி விடியுமுன் உடைந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. திவரே இரவில், கந்தளாய் விடியுமுன். இருட்டில் கரை மேல் ஆள் வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். முன்கூட்டிப் பார்த்தால் காப்பாற்ற முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் காரம் ஆற்றில் கட்டிக்கொண்டிருந்த மண் அணை கசிய ஆரம்பித்தது. 18 கிராமத்து ஜனங்களை வெளியேற்றினார்கள், பக்கவாட்டில் கால்வாய் வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். அணை போனது, உயிர் போகவில்லை. அந்த அணையைக் கட்டின லட்சணம் வேறு கதை. ஆனால் கசிவைப் பார்த்ததும் ஜனங்களிடம் சொன்னார்களே, அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம், பொறுப்பான அதிகாரி, எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல சட்டம் என்று சந்தோஷப்பட்டு வாங்கிப் படித்தோம். யாருக்குப் பொருந்தும்? 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைக்கு. 10 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை இருந்தால், கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்று அதில் சொல்லியிருக்கிற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே என்றால் கணக்கிலேயே கிடையாது. பத்து மீட்டர் என்பது முப்பத்து மூன்றடி. நம் ஏரிக்கரைகள் பத்தடி, பதினைந்தடி. ஆக, இந்த மேடைக்குப் பின்னால் நிற்கிற 74 ஆயிரம் லாரி தண்ணீர் டில்லிச் சட்டப்படி அணை இல்லை.

மாநிலத்திலாவது உண்டா? ஏரிகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நூறு ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர் ஆயக்கட்டுக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஏரிக்கு மதிப்பு அதன் ஆயக்கட்டை வைத்து. அன்றைக்கு இது சரி. ஆயக்கட்டு பூராவும் பிளாட் ஆனபிறகு? இந்த ஏரியால் யாருக்குப் பயன், எதற்குப் பணம் ஒதுக்கணும் என்று கேட்கிறார்கள். வயலாக இருந்தபோது கரை உடைந்தால் ஒரு போகம் போச்சு. இப்போது உடைந்தால் குழந்தை குட்டியோடு ஒரு நகரே போகும். ஆபத்து நூறு மடங்கு ஏறியிருக்கிறது, கோப்பில் மதிப்பு இறங்கியிருக்கிறது. அமெரிக்காவில் அந்த ஜான்ஸ்டவுனுக்கும் அதற்குப் பிந்தி உடைந்தவற்றுக்கும் அப்புறம், உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்பதை வைத்துத்தான் அணையைத் தரம் பிரிக்கிறார்கள். கரை நல்ல நிலையில் இருந்தாலும், கீழே வீடு இருந்தால் அது அபாயப் பட்டியலில் இருக்கும். இதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை. ஏரிக்கு ஒரு தாள் எடுத்து, கரைக்குக் கீழே எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ணி எழுதினால் போதும்.

நாங்கள் மனு எடுத்துக்கொண்டு அலைந்த கதையையும் சொல்லவா? எந்த ஊர் ஏரி, எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி யாரையும் மாட்டிவிட விரும்பவில்லை. மதகுக்குப் பக்கத்தில் கசிவு. முதல் அலுவலகத்தில், இது எங்கள் ஏரி இல்லை, அடுத்த அலுவலகம் போங்கள் என்றார்கள். அங்கே, ஏரி எங்களது, ஆனால் கரை மேல் ரோடு போட்டுவிட்டார்கள், ரோடு போட்டவரைப் பாருங்கள் என்றார்கள். அவர்கள், ரோடு எங்களது, ரோட்டுக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு நாங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். நாலாவது இடத்தில் ஒரு நல்ல மனிதர் டீ வாங்கிக் கொடுத்து, உடைஞ்சதுக்கு அப்புறம்னா பேரிடர் நிதியில செஞ்சிடலாம் சார், உடையறதுக்கு முன்னாடி செய்யத்தான் தலைப்பு இல்ல என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். கடைசியில் ஊர் ஜனங்களே ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு, இரண்டு டிராக்டர் மண் அடித்து, தற்காலிகமாகச் சரிபண்ணினோம். அது நிற்கும் என்று எங்களால் உத்தரவாதம் தர முடியாது.

இங்கே நிற்கிற நகர்வாசிப் பெரியவர்களிடம் இப்போது கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும். மழை வந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் சண்டை. நீங்கள், ஏரியைத் திறந்து காலி பண்ணு என்கிறீர்கள். நாங்கள், சம்பாவுக்குத் தண்ணீர் இல்லாமல் எப்படித் திறப்பது என்கிறோம். சில இடத்தில் ராத்திரியில் கரையையே வெட்டியிருக்கிறார்கள். கடப்பாரையால் வெட்டின வாயைத் தண்ணீர் உங்கள் இஷ்டப்படி விடாது, கீழே இருக்கிற அடுத்த நகரை அடிக்கும். உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டு மனை வாங்கினீர்கள். விற்றவன் லேக் வியூ என்று விளம்பரம் பண்ணினான், அந்த வியூவுக்குக் கீழே உங்கள் தரைமட்டம் இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த வயலை விற்றது யார்? எங்கள் ஆட்களும்தான். விவசாயம் கட்டுப்படியாகாமல் விற்றோம். போக்குக் கால்வாயை யார் மூடினார்கள் என்று தோண்டினால் அதில் எல்லோர் கையும் இருக்கும். மகாலட்சுமி நகரில் தண்ணீர் நின்றபோது நந்திவரம் ஏரியைத் திட்டினார்கள். ஏரி என்ன செய்யும்? நிறைந்தால் வழியும். வழிகிற தண்ணீர் போக அகலமான கால்வாய் இருந்தால் அது உங்கள் வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறது?

அதனால் எங்கள் கோரிக்கை ஏரியை எப்போதும் காலியாக வைப்பதும் இல்லை, கரை முட்ட வைப்பதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை எச்சரிக்கை வந்தால் எத்தனை அடியில் நிறுத்துவது, எப்போது மதகைத் திறப்பது என்று விவசாயிகளும் நகர்வாசிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து, மழைக்கு முன்னாடியே எழுதி ஒட்டட்டும். மார்கழியில் மழை ஓய்ந்த பிறகு நிரப்பிக்கொள்கிறோம். மழை பெய்யாமல் போய், நாங்கள் இறக்கின தண்ணீரால் பயிர் காய்ந்தால் அரசு நஷ்ட ஈடு கொடுக்கட்டும். ஊரைக் காக்க நாங்கள் தண்ணீரை விட்டுக்கொடுத்தால், அந்தச் செலவு எங்கள் தலையில் மட்டும் ஏன் விழ வேண்டும்? இதைச் செய்ய மதகு திறக்க வேண்டும், மதகு திறக்க ஷட்டருக்குத் திருகு கம்பி வேண்டும். பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது.

மதுராந்தகம் போனவர்களுக்கு ஏரி காத்த ராமர் கோயில் தெரியும். 1790-களில் செங்கல்பட்டு ஜாகீரில் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். அடை மழையில் ஏரி உடையப் போகிறது என்று ராத்திரி கரைக்குப் போனார், ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் நின்று காத்ததைக் கண்டார் என்பது கதை. நம்புகிறவர்கள் நம்பட்டும், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. நமக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. கொட்டுகிற மழையில், நடு ராத்திரியில், கலெக்டர் ஏரிக்கரை மேல் நின்றிருக்கிறார். வெள்ளைக்காரன் வரி வாங்கத்தான் நின்றான், அதுவும் தெரியும். ஏரி போனால் கிஸ்தி போகும் என்ற பயம். அந்தப் பயமாவது இருந்தது. அதற்கு எண்ணூறு ஆண்டுக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்திலேயே, இதே வட்டாரத்து உத்திரமேரூரில், ஏரியைப் பார்ப்பதற்கென்றே ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள். நம் காலத்தில் 2000-த்தில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க ஒரு சட்டம், 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்ற ஒரு சட்டம், 2017-ல் குடிமராமத்து என்று பழைய பெயரில் புதுத் திட்டம். சட்டத்துக்குக் குறைவில்லை. நவம்பர் மாதம் ராத்திரி இரண்டு மணிக்குக் கரை மேல் டார்ச் லைட்டோடு நிற்க ஓர் ஆளுக்குச் சம்பளம் இல்லை.

ஆகவே அரசுக்கு நாங்கள் வைக்கிற முதல் கோரிக்கை அந்த ஆள். ஒவ்வொரு ஏரிக்கும் மழைக்கால நான்கு மாதத்துக்கு உள்ளூரிலிருந்து இரண்டு நீர்க்கட்டிகள், கௌரவமான சம்பளம், டார்ச், ரப்பர் பூட்ஸ், ஒரு போன் நம்பர். ஆவணி முடிவதற்குள் என்ஜினியர் கரை மேல் தலையிலிருந்து கடைசி வரை நடந்து பார்த்து, பார்த்ததை எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் தமிழில் ஒட்ட வேண்டும். காரில் உட்கார்ந்தபடி பார்த்தது செல்லாது. மதகுகள் ஏறி இறங்க வேண்டும். கலங்கலுக்குக் குறுக்கே இருப்பது யாருடையதானாலும், எங்கள் மணல் மூட்டையாக இருந்தாலும், எடுக்கப்பட வேண்டும். போக்குக் கால்வாயை அளந்து கல் நட வேண்டும். அங்கே குடியிருக்கிற ஏழைகளை மாற்று இடம் கொடுக்காமல் மழையில் தூக்கி எறிவதை நாங்கள் ஒப்ப மாட்டோம். கால்வாய் மேல் கல்யாண மண்டபம் கட்டினவரிடமிருந்து ஆரம்பிக்கட்டும். கரைக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு தெருவுக்கும், உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும்.

மனுவை மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். இரண்டு பக்கம் மனு, பதினோரு பக்கம் போட்டோ. பதில் வரும்வரை சும்மா இருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நந்திவரம் ஏரிக்கரையில் கூடுகிறோம். கலங்கலில் ஆரம்பித்துக் கரை முழுவதும் நடப்போம், வளை, பள்ளம், கசிவு இருக்கிற இடத்தில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுவோம், நகர்வாசிகளும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எவனாவது வந்து குச்சியைப் பிடுங்கினால் சண்டைக்குப் போகாதீர்கள், அடுத்த நாள் மறுபடி நடலாம். நம்பர் போட்டு நோட்டில் எழுதியிருப்போம். மண்வெட்டி இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள். செருப்பில்லாமல் யாரும் வர வேண்டாம், கரை பூராவும் பாட்டில் சில்லு கிடக்கிறது.